யோகேவெத் பார்க்காத நாலு நிமிஷம்

யோகேவெத்துக்குச் சம்பளமே கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்குத்தான். ஜெருசலேமில் அந்த ஆஸ்பத்திரியின் கரு வளர்ப்புக் கூடத்தில் மூலை நாற்காலி ஒன்று அவளுக்கென்றே உண்டு. ஒரு தம்பதியின் விந்தோ முட்டையோ இன்னொரு தம்பதியுடையதோடு கலந்துவிடவில்லை என்று பக்தியுள்ள ஒரு பெண் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் யூத மத குருக்களான ரப்பிகள் ஒப்புவார்கள். அவர்கள் ஒப்பாவிட்டால் பாதிப் பேர் அந்த வாசலையே மிதிக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, அரட்டை கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது, கருக்கள் வளரும் இன்குபேட்டர் பெட்டியின் கதவில் தன் முத்திரை நாடாவை ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

"நீ தும்மும்போதுகூடக் கண்ணை மூட மாட்டே" என்று லரிசா கேலி செய்வாள். அந்தக் கூடத்தில் கருக்களைக் கையாளுகிற நிபுணர் அவள். சின்ன வயதில் ரஷ்யாவிலிருந்து வந்தவள். கடவுளோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனதோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

அந்த வருஷம் ஓர் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. ஒரே பெண்ணின் கருக்களில் பாதியைப் பழைய திரவத்திலும் பாதியைப் புதுத் திரவத்திலும் வளர்த்து, எது தேறுகிறது என்று பார்ப்பார்கள். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் ஒரு தட்டு இருந்த இடத்தில் இப்போது இரண்டு தட்டு. ஒவ்வொன்றையும் சொன்ன நேரத்துக்குள் வெளியே எடுத்துப் படம் பிடித்தாக வேண்டும். லரிசாவுக்குக் கை ரெண்டுதான், யோகேவெத்துக்கும் கண் ரெண்டுதான். திட்டம் போட்டவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது!

அன்று ரூஹாமாவின் முறை. நாற்பத்துமூன்று வயது, கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இனி முட்டை எடுக்க வழியில்லை, இதுதான் கடைசி என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எடுத்த எட்டு முட்டையில் பிழைத்தவை இரண்டே கருக்கள். பழைய திரவத்தில் ஒன்று, புதுத் திரவத்தில் ஒன்று. பத்து மணிக்கு இரண்டையும் அவள் கருப்பையில் வைக்கப் போகிறார்கள்.

காலையில் உள்ளே வரும்போது யோகேவெத் அவளைப் பார்த்தாள். நடைபாதை பெஞ்சில் கணவன் பினஹாஸ் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இதற்கு முன்னால் மூன்று தடவை அதே பெஞ்சிலிருந்து அவள் அழுதுகொண்டே எழுந்து போனதும் யோகேவெத்துக்குத் தெரியும். நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. லரிசா முதல் தட்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தபோது யோகேவெத் நாற்காலி நுனிக்கு வந்தாள். கடவுளிடம் இந்த நிமிஷத்தில் கேட்டால் கிடைக்கும் என்று தோன்றிவிட்டது. வேதத்தின் சங்கீதப் பாடல்கள்தான் மனப்பாடமாயிற்றே. ஒன்றே ஒன்று, அவள் பேரைச் சொல்லி. கண்ணை மூடினாள்.

ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. கண்ணைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் நகர்ந்திருந்தது. ரூஹாமாவின் இரண்டு தட்டுகளும் காலி. கருப்பைக்குக் கொண்டுபோகும் மூன்றாவது தட்டில் இரண்டு கருக்களும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, வேறொரு தட்டு.

"லரிசா! அது யாரோடது?"

"அடுத்த தம்பதியோடது. ஒன்பதரைக்குள்ள படம் எடுக்கணும்ல, இப்பவே எடுத்து வச்சேன்."

"ஒரு மேஜையில ரெண்டு குடும்பத்துத் தட்டா? எப்ப வெளிய எடுத்தே?"

லரிசா திரும்பிப் பார்த்தாள். "நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே. ஒண்ணும் சொல்லலையேன்னு நெனச்சேன்." அப்புறம் யோகேவெத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாக்கலையா?"

யோகேவெத் இல்லை என்று தலையசைத்தாள்.

"சரி, பதறாதே. அந்தத் தட்டு மூடியை நான் தொடவே இல்ல. நேத்து அஞ்சு இருந்துச்சு, இப்பவும் அஞ்சு இருக்கு, வந்து எண்ணிப் பாரு."

யோகேவெத் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எண்ணினாள். அஞ்சுதான். இந்தப் பக்கம் இரண்டு. எண்ணிக்கை சரி. ஆனால் எண்ணிக்கையில் பேர் எழுதியிருக்கிறதா என்ன?

யாரோ கதவைத் தட்டினார்கள். நர்ஸ் தலையை நீட்டினாள். "இன்னும் எவ்வளவு நேரம்? ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணியக் குடிச்சிட்டு ரூஹாமா அடக்க முடியாம தவிக்கிறா. கொஞ்சம் மனசு வைங்கம்மா."

கதவு மூடியதும் லரிசா படிவத்தை நகர்த்தி வைத்தாள். "கையெழுத்துப் போடு."

"பாக்காததப் பாத்தேன்னு எப்படிப் போடுவேன்?"

"வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல? உன் ரப்பி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ரெண்டும் குப்பைக்குப் போகும். அவளோட கடைசி ரெண்டு. உன் மனசு சுத்தமா இருக்கணும்னு அவ வயித்துல அடிப்பியா?"

அது சுருக்கென்று தைத்தது. தைக்காமல் என்ன செய்யும், உண்மைதானே. பேனாவை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளை பிறந்து, வளர்ந்து, இதே ஊரில் ஓடி விளையாடும். பார்க்கும்போதெல்லாம் யார் ஜாடை என்று தேடுவது இவள் கண்தான். பேனாவை வைத்துவிட்டு, போனில் ரப்பியைக் கூப்பிட்டாள்.

ரப்பி குறுக்கே பேசாமல் கேட்டார். எண்ணிக்கையைக் கேட்டார். "அந்த லரிசாகிட்டக் கொடுங்க," என்றார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"இருபத்திரண்டு," என்றாள் லரிசா, விறைப்பாக.

"அந்த மூடியத் தெறந்தீங்களா?"

"இல்ல. உங்களுக்காகச் சொல்லல. எனக்கு என் வேலைதான் எல்லாம்."

போன் யோகேவெத் கைக்குத் திரும்பியதும் ரப்பி சொன்னார்: "தொழில் தெரிஞ்சவ தன் பேரைத் தானே கெடுத்துக்க மாட்டா. அவ வார்த்தை எனக்குப் போதும், வைக்கலாம். ஆனா யோகேவெத், அந்த ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும். அவங்க மனசு ஒப்பினாத்தான்."

நடைபாதை முப்பது அடிதான் இருக்கும். அன்றைக்கு அது தீரவே இல்லை. பெஞ்சு முன்னால் நின்று, நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். ரப்பி ஒப்பியதையும் சொன்னாள்.

"நாலு நிமிஷமா?" என்று பினஹாஸ் ரெண்டு தடவை கேட்டான். அப்புறம் மனைவியைப் பார்த்தான். "நீ சொல்றதுதான். எனக்கு ஒண்ணும் புரியல."

ரூஹாமா ரெண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "லரிசா பாத்தாளா?"

"அவ பாத்தா. அவ கைதானே செஞ்சுது."

"நீங்க அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? தூங்கினீங்களா?"

"இல்லம்மா. உன் பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேன். அதான் கண்ணை மூடினேன்."

இதைக் கேட்டால் மனசு இளகுவாள் என்று யோகேவெத் உள்ளுக்குள் எங்கேயோ நம்பியிருந்தாள். ரூஹாமா இளகவில்லை. பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்தாள்.

"எங்கம்மா வேண்டிக்கிறாங்க. இவரோட சபை முழுக்க வேண்டிக்கிது. எனக்குப் பேரே தெரியாதவங்க பதினாறு வருஷமா வேண்டிக்கிறாங்க," என்றாள். "பாக்கறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

அப்புறம் பினஹாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, லரிசா திறந்து வைத்திருந்த கதவுக்குள் போனாள்.