ஆறு ஓட்டுக் கேட்டதாக ஒரு புகார்

வாக்குச்சீட்டில் மூன்றாம் கேள்வி இதுதான்: மாநில அரசு கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, ஆறுகளில் கழிவு கலக்காதபடி சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டலாமா, கூடாதா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் முழுக்க அன்று ஜனங்கள் இதற்குத்தான் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பென் ஃபால்ஸில் மட்டும் கேள்வி சன்னல் வழியாக நேரிலேயே உள்ளே வந்துகொண்டிருந்தது.

சன்னல்களைத் திறந்து வைத்ததற்குக் காரணம் பீன்ஸ். சர்ச் கூடத்தில்தான் வாக்குச்சாவடி. அதன் அடுப்படியில்தான் தேர்தல் நாள் விருந்துக்கு வெல்லப்பாகு ஊற்றிய பீன்ஸ் ஆறு பானைகளில் முந்தின நாளிலிருந்து வெந்துகொண்டிருந்தது. குளிர வேண்டிய நவம்பர் மாதம் என்பதை வானமும் மறந்திருந்தது. வெக்கை தாங்காமல் நொயெல்லா மிஷோ ஆற்றுப் பக்கச் சன்னல் நான்கையும் காலையிலேயே திறந்துவிட்டாள்.

நொயெல்லா மற்ற நாட்களில் காகித மில்லில் தாள் பிரிப்பவள். நல்ல தாள் இந்தப் பக்கம், கறை பட்டது அந்தப் பக்கம். பதினான்கு வருடமாக ஒரு தாளும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஊர் அவளை மூன்றாவது முறையாகத் தேர்தல் அதிகாரியாக உட்கார்த்தியிருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஹார்லண்ட் ஸ்டப்ஸ் வந்தார். மில்லில் அவளுடைய ஃபோர்மேன். இங்கே வெறும் வாக்காளர். ஆனால் அந்த வித்தியாசம் அவர் நடையில் தெரியவில்லை.

"நொயெல்லா, அந்தச் சன்னலை எல்லாம் மூடு."

"புழுங்குது சார்."

"புழுங்கட்டும். சாவடியிலருந்து இருநூத்தம்பது அடிக்குள்ள யாரும் பிரசாரம் பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. யாரு பண்றா?"

ஸ்டப்ஸ் மூக்கைச் சுருக்கிச் சன்னலைக் காட்டினார். "உள்ள வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒரு தடவை மூச்சு விடுறான், நேராப் போயி 'சரி'ன்னு குத்திட்டு வர்றான். இது பிரசாரம் இல்லாம என்ன?"

வாக்காளர் பட்டியலை வைத்திருந்த முடிதிருத்துபவர் ஃபெர்டினான்ட் லாஷான்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆத்து நாத்தத்துக்கு இந்த ஊர்ல ஓட்டே இல்லையே, ஹார்லண்ட். பட்டியல்ல தேடிப் பார்த்துட்டேன்."

"உன்னைக் கேக்கல." ஸ்டப்ஸ் அவள் பக்கம் குனிந்தார். "நாளைக்குக் காலைல ஏழு மணி ஷிஃப்டு. பேர் கூப்பிடறவன் நான். உன் பேரைக் கூப்பிடணுமா வேணாமான்னு யோசிச்சுக்கோ."

நொயெல்லா யோசித்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை, ஊரில் வேறு மில்லும் இல்லை. யோசித்து முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"புகார்னா எழுத்துல வேணும் சார்."

அது அவள் கண்டுபிடித்த வழி அல்ல. முன்னொரு தேர்தலில் வாய்ப்புகார் ஒன்று கைகலப்பில் முடிந்து, சர்ச் நாற்காலிகள் ஒன்பது உடைந்தன. அன்று முதல் எந்தப் புகாரும் எழுத்தில்தான். ஏற்ற புகாரை ஓட்டு முடியும்வரை வாசல் பலகையில் ஒட்டியாக வேண்டும். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஸ்டப்ஸ். உடைந்த நாற்காலிகளில் ஒன்று அவர் மேல்தான் உடைந்தது.

ஸ்டப்ஸ் பென்சிலை வாங்கினார். நொயெல்லா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிரசாரம் செய்வது யார்? 'நாற்றம்' என்று எழுதினார். எங்கிருந்து வருகிறது? 'ஆறு.' ஆற்றுக்கு அது எங்கிருந்து வந்தது? பென்சில் நின்றது.

பதினொரு வருடமாக மில் இதற்கு ஒரே பதிலைத்தான் அச்சடித்துக் கொடுத்து வந்தது: ஆற்றில் நாற்றம் எதுவும் இல்லை, இருப்பதாகத் தோன்றினால் அது சதுப்பு நிலத்தின் இயல்பு. அந்த அறிக்கையை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தவரும் அவர்தான்.

"சதுப்பு நிலம்னு போடட்டுமா?"

"போடுங்க சார். ஆனா அது கடவுள் வேலை ஆயிடும். கடவுள் மேல நான் நடவடிக்கை எடுக்க முடியாது. மனுஷன் பண்ணினாத்தான் பிரசாரம்."

வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. நின்றவர்கள் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டப்ஸ் அவர்களைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். பிறகு 'மில் குழாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"புகார் ஏத்துக்கறேன்," என்றாள் நொயெல்லா. எழுந்து போய் நான்கு சன்னல்களையும் அவளே மூடினாள். நாற்றம் வெளியே நின்றுவிட்டது. தாளைக் கொண்டுபோய் வாசல் பலகையில் ஒட்டினாள்.

மதியத்துக்குள் ஊரே அதைப் படித்துவிட்டது. ஓட்டுப் போட்டுவிட்டுப் போனவர்கள் படிப்பதற்கென்றே திரும்பி வந்தார்கள். 'நாற்றம். ஆறு. மில் குழாய். இப்படிக்கு, ஹார்லண்ட் ஸ்டப்ஸ், ஃபோர்மேன்.' யாரும் எதுவும் பேசவில்லை. சாவடிக்குள் பிரசாரம் கூடாதே.

ஒரு மணிக்கு ஸ்டப்ஸ் ஓடி வந்தார். "அதைக் கிழி."

"வாபஸ் வாங்கறீங்களா? தாராளமா. உடனே சன்னலத் திறந்துடறேன்."

அவர் மூடிய சன்னலைப் பார்த்தார். அப்புறம் ஒரு தட்டு பீன்ஸ் வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

ராத்திரி எண்ணி முடித்தபோது, சரி அறுநூற்றுப் பதினொன்று. கூடாது தொண்ணூற்றெட்டு. மாநிலத்திலும் தாராளமாக ஜெயித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நொயெல்லா தன் மேசை முன் போய் நின்றாள். ஸ்டப்ஸ் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் முன் வந்ததும் நிறுத்தினார்.

"மேனேஜர் விடிகாலையிலயே என்னைக் கூப்பிட்டு விட்டாரு. அந்தத் தாள் வேணுமாம்."

"ஓட்டோட சேர்த்து சீல் வச்சு தலைநகரம் அகஸ்டாவுக்குப் போயிடுச்சே சார்."

"அதான் நானும் சொன்னேன்." குரலைத் தாழ்த்தினார். "உன் மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு. பத்திரிகைக்காரங்க ஃபோன் பண்ணிட்டே இருக்காங்களாம். என் மேலதான் கை வைக்கலாமான்னு யோசிக்கிறாரு."

"உங்களுக்கு என்ன சார் குறை? உங்க புகார்ல நியாயம் இருக்குன்னு அறுநூத்திப் பதினோரு பேர் கையெழுத்துப் போடாத குறையாச் சொல்லிட்டாங்க."

ஸ்டப்ஸ் பட்டியலைத் தூக்கிப் பிடித்து, அறை முழுக்கக் கேட்கும்படி, "நொயெல்லா மிஷோ" என்றார்.

"இருக்கேன்," என்றாள் அவள். முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.