பாட்டிலில் பென்சில் கோடு

என் மனைவி எலிகளைத் தொடுவாள், நான் தொடமாட்டேன். எங்கள் ஆய்வகத்தில் வேலைப் பிரிவினை அவ்வளவுதான். சுண்டெலியின் மூளைக்குள் தலைமுடிப் பருமனில் ஒரு குழாயைச் செருகி, அங்கே ஊறும் நீரைச் சின்னக் குப்பிகளில் பிடித்து, வெறும் எண்ணை மட்டும் எழுதி, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னிடம் அனுப்புவாள். எந்தக் குப்பி எந்த எலியுடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் அதை என் இயந்திரத்தில் ஏற்றுவேன். அது ஒரு கோடு போடும். செரடோனின் என்ற மூளை ரசாயனம் வரவேண்டிய இடத்தில் அந்தக் கோடு மேடாக எழும்பும். மேடு எவ்வளவு உயரமோ, எலியின் மூளையில் அவ்வளவு செரடோனின். என் இயந்திரம் பொய் சொல்லாது. பொய் சொல்லும் அளவுக்கு அதற்குப் புத்தி கிடையாது.

அவள் பெயரெடுத்தது ஒரே ஒரு கண்டுபிடிப்பால். பழகிய பெட்டியிலிருந்து எலியைத் தூக்கி, கழுவிக் காயவைத்த புதுப் பெட்டியில் விட்டால், மூளையில் பயத்தைக் கவனிக்கும் மூலையில் செரடோனின் எகிறும். அடி வேண்டாம், சத்தம் வேண்டாம், இடம் புதுசு என்பதே போதும் என்று எழுதினாள். அதனால் பேராசிரியர் ஆனாள். அவள் படம் பாடப்புத்தகத்தில் ஏறியது. கட்டுரையில் என் பெயரும் உண்டு, கல்யாணப் பத்திரிகையின் அடியில் சுற்றமும் நட்பும் இருப்பது மாதிரி.

போன மாதம் வேறொரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் பல தடவை செய்து பார்த்தார்களாம், மேடு எழவில்லையாம். கடிதம் ரொம்ப மரியாதையாக இருந்தது. அதுவே நல்லதற்கில்லை என்று பட்டது. ஒரு பிரதி துறைத் தலைவருக்கும் போயிருந்தது. அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒரு குழு வரும், அவர்கள் கண்முன்னால் மேடம் முதலிலிருந்து செய்து காட்டவேண்டும் என்றார். மேடு வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டியிருக்கும் என்றார். அதற்கப்புறம் என்ன என்று அவள் கேட்டதற்குத் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

ஒத்திகை ஆரம்பித்தோம். முதலில் ஆராய்ச்சி மாணவி செய்தாள். மேடு இல்லை. மறுபடி செய்தாள், மறுபடியும் இல்லை. பிறகு என் மனைவி செய்தாள். புதுப் பெட்டியைக் கழுவினாள், வெயிலில் வைத்தாள், கடைசியில் வழக்கம்போல ஸ்வெட்டர் கையை இழுத்து உள்ளே ஒரு துடை துடைத்தாள். அதுவரை கூட நின்ற நான், அவள் எலியை எடுத்ததும் சுவருக்கு என் பக்கம் வந்துவிட்டேன். என் திரையில் மேடு குன்று மாதிரி எழுந்தது. "மேடத்துக்குக் கைராசி சார்" என்றாள் மாணவி. நானும் சேர்ந்து சிரித்தேன். நாற்காலிக்குத் திரும்பி வந்ததும் மாணவியின் கோடுகளை எடுத்து அந்த மேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஆய்வகக் குளிர்ப்பெட்டியில் ஒரு பாட்டில் இருக்கிறது. சுத்தமான செரடோனின் கரைசல். தினமும் காலையில் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதிலிருந்து ஒரு துளி ஏற்றுவேன். ஊசிமுனை அளவு அதிலிருந்து எடுத்து எலியின் குப்பியில் தொட்டு வைத்தால் போதும், எந்தக் கொம்பன் இயந்திரமும் ஏமாந்துபோகும். மாணவி கையில் வராதது அவள் கையில் மட்டும் வருகிறது என்றால், யாராக இருந்தாலும் முதலில் அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன்.

சொல்லவே நாக்கு கூசுகிறது. நான் பென்சிலை எடுத்துக் கரைசல் நின்ற மட்டத்தில் பாட்டில் லேபிளின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் மட்டம் குறைந்தது. நானும் எடுக்கிறேன், மாணவியும் எடுக்கிறாள், குறையத்தானே செய்யும். ஆனால் பயம் பிடித்தவனுக்கு அந்த நியாயமெல்லாம் உறைக்குமா? அவள் குளிர்ப்பெட்டிப் பக்கம் போனாலே என் காது விடைத்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளைத் திருடியோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். அவள் அப்படிச் செய்திருந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயந்தேன்.

வீட்டில் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. துரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். துரை எங்கள் பூனை. யாருக்கும் அடங்காது, வீட்டுக்கு வரி கட்டுவதே தான்தான் என்பதுபோல் நடக்கும். கல்யாணமான புதிதில் தானாக வந்து சேர்ந்தது, அவள் துணிமேல் மட்டும்தான் படுக்கும்.

"திங்கக்கிழமை வராமப் போயிட்டா என்னைத் திருடின்னுதானே சொல்லுவாங்க?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"வரும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி. மத்தவங்க என்ன நெனச்சா எனக்கென்ன."

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இயந்திரத்தின் பம்ப் மக்கர் செய்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் இல்லாமல், அவள் செய்வதை அப்படியே நானே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். மேடு வந்தால் அவள் நல்லவள். வராவிட்டால் என்ன என்பதை நினைக்கவில்லை. இயந்திரத்துக்காக ஆய்வகத்தை எப்போதும் குளிராக வைத்திருப்பார்கள். அதனால் நாற்காலியில் கிடந்த அவளுடைய ஸ்வெட்டரைத் துரையின் அடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டேன். துரை என்னைச் செல்லாக்காசு மாதிரி பார்த்தது.

குழாய் பொருத்திய எலிகள் நாளைய வேலைக்குத் தயாராக இருந்தன. அவள் செய்வதை ஒன்றுவிடாமல் செய்தேன். கழுவினேன், காயவைத்தேன், ஸ்வெட்டர் கையால் உள்ளே ஒரு துடை துடைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு எலியைத் தூக்கி விட்டேன். நான் எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன். புதுப் பெட்டிக்குள் எலி என்ன செய்கிறது என்று அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அது முகர்ந்து பார்த்தது. பிறகு பின்னாலேயே நகர்ந்து மூலையில் ஒட்டிக்கொண்டு, என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் உறைந்து நின்றது.

குப்பியை ஏற்றினேன். மேடு எழுந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். என் மனைவி திருடி இல்லை.

அழுது முடித்ததும்தான் மூளை வேலை செய்தது. மாணவிக்கு வராதது எனக்கு எப்படி வரும்? எனக்கு ஏது கைராசி? பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்சுவரில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருந்தது. துரையின் முடி. மாணவி பெட்டியைக் காகிதத்தால் துடைப்பாள். கடிதம் எழுதிய ஆய்வகத்திலும் அப்படித்தான் துடைத்திருப்பார்கள். கட்டுரையில் நாங்கள் எழுதியது கழுவி உலர்த்தப்பட்டது என்று மட்டும்தான். ஸ்வெட்டர் கையை யார் எழுதுவார்கள்?

இன்னொரு பெட்டியைக் காகிதத்தால் துடைத்து, இன்னொரு எலியை விட்டேன். அது சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தது. கோடு படுத்தே கிடந்தது.

புது இடம் அல்ல, பூனை வாசனை. பாடப்புத்தகத்தில் இருப்பது துரை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரே போராட்டம். நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். நாளைக்கு அவள் இதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு துடைப்பாள், மேடு வரும், குழு கைகுலுக்கிவிட்டுப் போகும். சொன்னால் அவள் கட்டியதெல்லாம் தரைமட்டம். அதோடு நான் ஏன் தனியாகப் போனேன் என்பதும் வெளியே வரும். இரண்டாவதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லக் கூடாது என்ற முடிவோடுதான் கதவைத் தட்டினேன்.

அவள் வாளியில் சோப்பு கரைத்து வைத்திருந்தாள். "ஸ்வெட்டரை நீங்களா எடுத்துட்டுப் போனீங்க? குடுங்க, அலசிப் போட்டுடறேன். நாளைக்குப் பெரியவங்க முன்னாடி அழுக்கா நிக்கக் கூடாது" என்று கையை நீட்டினாள்.

துவைத்தால் வராது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவளுக்குச் சாகும்வரை தெரியாது. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு, தான் எங்கே தப்பு செய்தோம் என்றுகூடத் தெரியாமல் மருகுவாள்.

"துவைக்காதே" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பாதி சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்வெட்டர் கையை மூக்கருகே கொண்டுபோனாள். நாற்காலியில் தூங்கும் துரையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"இத்தனை வருஷமா இவனைத்தான் அளந்திருக்கோம்" என்றாள். "நாளைக்கு நானே சொல்லிடறேன். முட்டாள்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். திருடின்னு சொல்ல முடியாதில்ல?"

எனக்கு உயிர் வந்தது. அவள் வாளியைக் கால் விரலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு அப்படியே நின்றாள்.

"ஆமா, நீங்க எதுக்குத் தனியாப் போய்ச் செஞ்சீங்க? எலின்னா தொடவே மாட்டீங்களே."

பம்ப் என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பாட்டில்ல ஒரு பென்சில் கோடு பார்த்தேன்" என்றாள் மெதுவாக. "அந்தப் பொண்ணுதான் என்னைச் சந்தேகப்படறான்னு நெனச்சேன். வாரம் முழுக்க அவகிட்ட முகம் குடுத்துப் பேசல."

நான் அவளை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் ஸ்வெட்டரை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, பின்னாலேயே நகர்ந்து, சுவர் முட்டியதும் நின்றாள். என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.