தலைகீழாக வந்த ஒன்பது வரிகள்

ஸ்மரந்தா, ஃபகராஷ் என்ற மலையின் முகட்டில் காட்டுப்பூக்களைக் கணக்கெடுப்பவர். அன்று மாலை நான்கு மணியாகியும் அவர் இறங்கி வரவில்லை. கணவர் யூஸ்டின் ஒரு தாளோடு எங்கள் மீட்பு நிலையத்துக்கு வந்தார். நான் அங்கே கம்பியில்லாக் கருவியைக் கவனிப்பவள்.

ஸ்மரந்தா மலையிலிருந்து அனுப்பும் குறிப்புகள் வீட்டுக் கணினியில் ஒரே கோப்பில் வரிவரியாகச் சேரும். நேரம் பதிவாகாது. அன்று வந்த ஒன்பது வரிகளைத்தான் யூஸ்டின் அச்செடுத்து வந்திருந்தார். முகட்டுப் பாதைக்கு இரண்டு முனைகள். எந்த முனையில் ஏறுவார் என்று ஸ்மரந்தா சொல்லியிருக்கவில்லை.

எங்கள் தலைவர் நெக்குலாய் தாளை மேலிருந்து படித்தார். முதல் வரியில் கற்குவியல், கடைசி வரியில் மரப்பாலம். பாலத்துக்கு அருகில்தான் இருக்கிறார் என்று முடிவு செய்து நான்கு பேரை அனுப்பினார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

யூஸ்டின் மட்டும் தாளைக் கீழே வைக்கவில்லை.

“சீஸ் தீர்ந்துபோச்சுன்னு மேல இருக்கு. பாதி சாப்பிட்டேன்னு கீழ இருக்கு. தீர்ந்தப்புறம் எப்படிங்க பாதி சாப்பிடுவா?”

“ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போயிருப்பாங்க,” என்றேன்.

“ஒரே துண்டுதாங்க. காலையில நான்தான் சுத்திக் குடுத்தேன்.”

யூஸ்டினின் கைபேசி வழியாக அந்தக் கோப்பை வாங்கி, என் கணினியில் திறந்தேன். வரிகளின் வரிசையைத் திருப்ப ஒரே கட்டளை போதும். மரப்பாலம் மேலே வந்தது. ஓடை, இரட்டைப் பாறை, பாதி சீஸ் எல்லாம் அதன் கீழே ஒழுங்காக இறங்கின. கற்குவியல் கடைசிக்குப் போனது. புதிதாக வரும் வரியை அந்தக் கோப்பு எப்போதும் தலையில்தான் ஏற்றிக்கொள்ளும் என்பது அப்போதுதான் புரிந்தது.

நெக்குலாய் ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கி, நால்வரையும் கற்குவியல் பக்கம் திரும்பச் சொன்னார். அவர்கள் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வெளிச்சம் போவதற்குச் சற்று முன், கற்குவியலுக்குக் கீழே ஒரு பிளவில் ஸ்மரந்தாவைக் கண்டார்கள். கணுக்கால் முறிந்திருந்தது, குறிப்பு அனுப்பும் கருவி விழுந்து உடைந்திருந்தது. குளிரில் வாய் குழறியது, ஆனால் தன் பெயரைச் சொன்னார்.

மறுநாள் அறிக்கையைத் தட்டச்சு செய்யும்போது அந்த இருபது நிமிடத்தை எழுதலாமா, விடலாமா என்று யோசித்து நிறுத்தினேன். நெக்குலாய் பின்னால் வந்து நின்றார்.

“நான் தப்பாப் படிச்சதாலன்னு போடும்மா,” என்றார். போட்டேன். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.