கழுதை மண்டியிட்ட தெருமுனை

ஹோசியா பிக்கெட் ஒரே மூச்சில் ஊதிய ஒரே சுரத்துக்கு, எதிர் வண்டியில் பூட்டியிருந்த கோவேறு கழுதை நடுத்தெருவில் மண்டியிட்டது. மண்டியிட்டதோடு விடவில்லை, கண்ணீரும் வடித்தது. அந்த ஈரத்தில் வழுக்கி மறுநாள் இரண்டு பாதிரியார்கள் விழுந்தார்கள்.

எஸ்ரா மாமா இதைச் சவப்பெட்டிக் கடை ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, லவீனியா செத்துக் கிடந்த தன் அப்பா ஹோசியாவின் மோவாயைத் தூக்கிப் பிடித்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூடவில்லை. மேல்வரிசை முன்பற்கள் போய் வெகுகாலமாகிவிட்டதால் உதடு உள்ளே மடங்கிக் கிடந்தது. கடைக்காரர் தன் பையிலிருந்து பஞ்சை எடுத்து உதட்டுக்கு உள்ளே வைத்து அழுத்தினார். முகம் எடுப்பாக இருக்கும் என்றார். எடுப்பாகத்தான் இருந்தது. வங்கி முதலாளி ஒருவர் அவள் வீட்டுக் கட்டிலில் செத்துக் கிடப்பது போல.

"எடுத்துடுங்க. இது யார் வாயோ," என்றாள் லவீனியா.

அவர் தயங்க, அவளே விரலை விட்டு எடுத்தாள்.

ஹோசியாவின் இசைக்குழுவில் வாசித்தோம் என்று சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் ஒன்றாக ஏற்றினால் மிசிசிப்பியில் ஓடும் எந்தப் படகும் மூழ்கிவிடும். நிஜமாக வாசித்தவர்களில் நியூ ஆர்லியன்ஸில் மிஞ்சியவர் டிரம் அடிக்கும் எஸ்ரா மட்டுமே. மற்றவர்கள் சிகாகோ போய்விட்டார்கள். எஸ்ராவுக்கு ரயில் என்றால் பயம்.

ஹோசியாவின் நல்ல காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒவ்வொரு இசைக்குழுவும் மரச்சாமான் ஏற்றும் வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு வரும். அன்று மாலை நடக்கும் ஆட்டத்துக்கு அதுதான் விளம்பரம். இரண்டு வண்டிகள் ஒரு முனையில் சந்தித்துவிட்டால் ஜனங்கள் ஓடிவந்து சக்கரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். தோற்றவர் யார் என்று கூட்டம் தீர்ப்புச் சொல்லும்வரை எந்த வண்டியும் நகர முடியாது. ஜெயித்தவரின் அரங்கில் அன்று மாலை மூச்சுவிட இடமிருக்காது. ஹோசியா அப்படி ஊரையே ஜெயித்தார். அவர் கார்னெட் என்ற அந்தக் குட்டைப் பித்தளைக் குழலை எடுத்தால், பக்கவாதத்தில் படுத்த கிழவிகள் எழுந்து செருப்புத் தேடினார்கள்.

பிறகு ஈறு அழுகிப் பற்கள் விழுந்தன. பல் இல்லாத வாயில் கார்னெட் நிற்காது. ஒரு வருஷத்துக்குள் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஊதியவன் குழுவையும் குழுவின் பெயரையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான். ஹோசியா நிலக்கரி வண்டி ஓட்டப் போனார். வண்டியை இழுத்ததும் ஒரு கோவேறு கழுதைதான். அது கடைசிவரை அவர் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. மாலையில் கரி அப்பிய முகத்தோடு முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து, இன்னொரு கழுதையின் கதையைச் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கரித்தூள் நெஞ்சில் இறங்கிய பிறகு, இருமலுக்கு நடுவே சொன்னார்.

சாவு வீட்டுக் காப்பி ஆறுவதற்குள், ஹோசியா சந்தா கட்டிவந்த ஈமச்சடங்குச் சங்கத்திலிருந்து சேதி வந்துவிட்டது. உறுப்பினர் செத்தால் சங்கத்தின் வாத்தியக் குழு வரும். அந்தக் குழுவின் தலைவர் புரொபசர் எவாரிஸ்ட் ஃபோஷே. கனால் தெருவுக்கு அந்தப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்தார் காகிதத்தைப் பார்த்து வாசிப்பார்கள், இந்தப் பக்கத்தார் காதை வைத்து வாசிப்பார்கள், ஒரு பக்கத்தாரை மறுபக்கத்தார் இசைக்காரர் என்று ஒத்துக்கொண்டதே கிடையாது. கழுதை மண்டியிட்டதாகச் சொல்லப்படும் வண்டி அவருடையது.

புதைக்கும்வரை வாசிப்பாராம். புதைத்ததும் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு போய்விடுவாராம். திரும்பும் பாட்டு கிடையாது.

போகும்போது அழுகைப் பாட்டு, திரும்பும்போது ஆட்டப் பாட்டு. முதல் பாட்டு இருப்பவர்களுக்கு. இரண்டாவதைக் கேட்டபிறகுதான் செத்தவர் கட்டவிழ்ந்து போவார். ஊர் பேர் தெரியாமல் ஆற்றில் மிதந்து வந்த பிணத்தைத்தான் திரும்பும் பாட்டில்லாமல் புதைப்பார்கள். சங்கத்துச் சாவுக்கு வேறெந்தக் குழுவும் வராது. அது புரொபசரின் உரிமை. அப்பாவைக் கல்லறைச் சேற்றில் அப்படி விட்டுவிட்டு வந்து லவீனியாவால் சோறு தின்ன முடியாது.

மறுநாள் காலை கனால் தெருவைத் தாண்டிப் போனாள். புரொபசர் வீட்டுப் பின்னறையிலிருந்து கார்னெட் சத்தம் வந்தது. சுரங்கள் நடுவில் பிளந்து பிளந்து விழுந்தன. சன்னல் பலகையின் இடுக்கில் பார்த்தாள். கிழவர் கார்னெட்டின் ஊதுவாயை உதட்டின் நடுவில் வைக்காமல் இடது ஓரத்தில் இழுத்துச் செருகி ஊதிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் தட்டியதும் கார்னெட் முதுகுக்குப் பின்னால் போனது, முதுகு நிமிர்ந்தது.

உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். இருபது வருஷமாக முடிதிருத்தகத்தில், சந்தையில், கோவிலில் பாவமன்னிப்பு வரிசையில்கூட அந்தக் கழுதை தன்னை விடவில்லை என்றார். குழந்தைகள் தன்னைப் பார்த்தால் முழங்காலை மடக்கிக் காட்டுகின்றனவாம்.

"அன்னிக்குச் சாயங்காலம் என் ஹால்ல என் பொண்டாட்டியும் மச்சினியும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஆடினாங்க. வேற ஈ காக்கா இல்ல. அதுக்கப்புறம் எவனும் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடல. சாவுக்குத்தான் கூப்பிடறான்."

லவீனியா காப்பியைக் குடிக்கவில்லை. திரும்பும் பாட்டு வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

"குழியை மூடினதும், எல்லாரும் இருக்கறப்ப, நீ வாயைத் திறந்து சொல்லணும். கழுதை மண்டி போடல, நின்னது நின்னபடியே நின்னுச்சுன்னு. சொன்னா வாசிக்கிறேன்."

"நான் அப்பக் குழந்தை, புரொபசர். நான் பார்க்கலையே."

"பார்க்காட்டி என்ன? பெத்த மகளே நம்பலைன்னு ஊருக்குத் தெரிஞ்சா போதும்."

அவள் கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள்.

அடக்கத்துக்குச் சங்கக் குழுவோடு டிரம் அடிக்கப்போகும் எஸ்ரா மாமாவிடம் சொன்னபோது அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அழுகைப் பாட்டுக்கு டிரம் அதிரக் கூடாது, அடித்தோலுக்கும் அதன்மேல் ஓடும் கம்பிகளுக்கும் இடையில் கைக்குட்டையைச் செருகிவிடுவார்கள்.

"அந்தக் கழுதையை விட்டா அவன்கிட்ட வேற என்னம்மா இருந்துச்சு?"

"பாட்டில்லாமப் புதைக்கச் சொல்றீங்களா, மாமா?"

அவர் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அடக்கத்தன்று மழை தூறியது. ஊரிலிருந்த குடைகள் எல்லாம் கோவில் வாசலுக்கு வந்துவிட்டன. சில குடைகள் ஆள் இல்லாமலே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் புரொபசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். ஜெபம் செய்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். லவீனியா அவர் கண் போன இடத்தைப் பார்த்தாள். அவர் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நாக்கு தன் வாயில் முன்பற்கள் ஆடும் இடத்தைத் தடவிப் பார்த்தது.

ஊர்வலம் நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதே அதிகம். முகம் வழித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கல்லறை வருவதற்குள் தாடி முளைத்துவிட்டது. புரொபசர் முன்னால் நடந்தார். கார்னெட்டை உதட்டின் நடுவில் வைத்திருந்தார். முதல் தெருவில் ஒரு சுரம் உடைந்தது. இரண்டாவது தெருவில் பாட்டே உடைந்தது. குழுவினர் காகிதத்தைப் பார்த்தார்கள், ஓரத்தில் நின்ற ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் நடையை நிறுத்தாமல் ஊதுவாயை எடுத்து, எல்லாருக்கும் தெரிய, இடது ஓரத்தில் செருகிக்கொண்டார். அதன்பிறகு சுரம் உடையவில்லை. கோணல் வாயோடு கல்லறைவரை ஊதினார்.

குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. இறக்கிய பெட்டி கீழே போகாமல் மிதந்தது. குழிவெட்டிகள் இரண்டு பேர் பூட்ஸ் காலோடு அதன்மேல் ஏறி நின்று அமுக்கினார்கள். பெட்டி ஒரு பக்கம் சரிந்து குமிழி விட்டு இறங்கியது. லவீனியா முகத்தைத் திருப்பவில்லை. ஈரமண்ணைப் போட்டு மூடினார்கள்.

பாதிரியார் பைபிளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். யாரும் நகரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆட்டத்துக்குக் குடையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். புரொபசர் ஊதுவாயைத் துடைத்தார், துணியில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு லவீனியாவைப் பார்த்தார்.

அவள் மண்மேட்டின் பக்கத்தில் போய் நின்றாள். காலணி சேற்றில் புதைந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "எங்கப்பா ஒரு கழுதையைப் பத்திச் சொல்லிக்கிட்டிருப்பாரு..."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பழக்கத்தில். எஸ்ரா மாமா டிரம்மின் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கழுதை," என்றாள். "அந்தக் கழுதை வந்து..."

மழை குடைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"போதும்மா," என்றார் புரொபசர்.

அவர் கார்னெட்டைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்திருந்தார். குரல் பெரிதாக இல்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள்.

"என் வண்டி அது. முன்பலகையில நான்தான் உக்காந்திருந்தேன். முன்னங்கால் ரெண்டும் மடிஞ்சு மண்டி போட்டுச்சு. இவன் ஊதினப்பதான்."

எஸ்ரா மாமா குனிந்து டிரம்மின் அடியிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

புரொபசர் ஊதுவாயை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். செருகுவதற்கு முன் ஒருமுறை இறக்கினார்.

"பின்னங்கால் போடல," என்றார்.