கிழக்கே பொங்கிய பால்

இக்னேசியசின் மல்வேர்ன் வீட்டை விற்கிற ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம். அதில் பால் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

கையெழுத்து வைக்கும்போது அவருடைய லோயர் ஸ்ரீதரன் ஒரே ஒரு புத்திதான் சொன்னார். "அண்ணை, வாங்கிற ஆள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ. கேளாததை நீங்களாப் போய்ச் சொல்லவேண்டாம்."

வாங்குகிற சிவபாதம் கேட்டது வேறு. வீடு கைமாறுவது ஜூலை முப்பத்தொன்றில். அதற்குள் ஆடி பிறந்துவிடும், ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சக்கூடாது. "வாற ஞாயிறு காலமை ஒரு மணித்தியாலம் குசினியைத் தாங்கோ, அண்ணை." இக்னேசியஸ் மன்னார்க் கத்தோலிக்கர். ஆடியும் ஆவணியும் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் சாமி காரியம் அல்லவா? வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு மனைவியோடு பூசைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. எல்லோரும் பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். யன்னலடியில் கொளுத்திவைத்த கர்ப்பூரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. திரைச்சீலையில் பிடித்த நெருப்பு அலுமாரிகளையும் தின்றுவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. பாலுக்கும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீதரன் தொலைபேசியில் கூப்பிட்டார். சிவபாதம் வீடு வேண்டாம் என்கிறார், முற்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். வீட்டு விலை படுத்துக் கிடந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. அதே தெருவில் இன்னொரு வீடு மலிவாக வந்திருந்தது.

"கைமாறுமட்டும் வீட்டுக்கு என்ன நடந்தாலும் அது விக்கிற ஆளின்ரை தலையிலை எண்டு ஒப்பந்தத்திலை கிடக்கு. வாங்கிற ஆள் காப்புறுதிக் காசோடை வீட்டை எடுக்கலாம், இல்லாட்டி முற்பணத்தை வாங்கிக்கொண்டு விலகலாம்."

"கொளுத்தினது அவையள்!"

"அதைக் கோட்டிலை சொல்லலாம். வெல்லவும் கூடும். இரண்டு வருசம் எடுக்கும்."

இக்னேசியசுக்கு இரண்டு வாரந்தான் இருந்தது. இந்தக் காசை நம்பி ரூஜ் பகுதியில் ஒரு வீட்டுக்குக் கையெழுத்து வைத்திருந்தார், அதே முப்பத்தொன்றாம் திகதிக்கு. இது முறிந்தால் அதுவும் போகும், அதற்குக் கட்டிய முற்பணமும் போகும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

அன்று பின்னேரமே டோர்செட் பார்க் பகுதியில் சிவபாதம் இருந்த பதினோராம் மாடிக்குப் போனார். ஏசுவதற்கென்று வழியெல்லாம் சொல் சேர்த்துக்கொண்டு போனவருக்கு, உள்ளே போய் இருந்ததும் அழுகைதான் வந்தது.

"சட்டம் அப்பிடிச் சொல்லுது, அண்ணை. நான் என்ன செய்ய?" என்றார் சிவபாதம், வெகு மரியாதையாக.

அவருடைய மனைவி பேபி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "சட்டம் கிடக்கட்டும். பால் எந்தப் பக்கம் பொங்கினது?"

"யன்னல் பக்கம்."

"அது கிழக்கு. கிழக்காலை பொங்கின வீட்டை விட்டிட்டு ஆடி மாசத்திலை வேறை வீடு தேடப்போறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

"குசினி எரிஞ்சு கிடக்கு, பேபி."

"ஆர் எரிச்சது?"

சிவபாதம் சாமி விஷயத்தில் பயந்த மனிதர். காப்புறுதிக் காசைக் குசினிக்குத் தந்தால் வீட்டை எடுப்பதாகச் சொன்னார். இக்னேசியஸ் தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கும்போதுதான் பேபி சொன்ன கிழக்கு அவருக்கு உறைத்தது. அந்த யன்னலுக்குத் திரைச்சீலை போட்டதே அவர்தான். பின்னேர வெயில் அடுப்படியில் நிற்கிறவளின் கண்ணைக் குத்துகிறதென்று மனைவி சொல்லிப் போட்டது. பால் பொங்கியது மேற்கே.

கேளாததைச் சொல்லவேண்டாம் என்றுதான் லோயரும் சொன்னார். ஆனால் வாசலில் காலில் சப்பாத்தைக் கொழுவும்போது இக்னேசியசின் மனம் கேட்கவில்லை. வழியனுப்பப் பேபி மட்டும் வந்து நின்றாள்.

"தங்கச்சி, அந்த யன்னல்... பின்னேரத்திலை வெயில்..."

"தெரியும், அண்ணை." குரலைத் தணித்துக்கொண்டாள். "பால் பொங்கேக்கை காலமை வெயில் எங்கடை முதுகிலை சுட்டது. எட்டு வருசமா நான் சாமான் பையளோடை இந்த லிஃப்டுக்கு முன்னாலை நிக்கிறன்."

உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"இவர் கேக்கேல்லைத்தானே."