எல்லைக்கல்லில் பாசியும் புழுக்கூடும்

மண்வெட்டிக் காம்பு இரண்டாம் தடவை இறங்கியதில் கோவிந்தராசுவின் இடது கை முறிந்து தொங்கியது. அடித்தவன் வேற்றாள் இல்லை, கூடப்பிறந்த தம்பி மருதையன். பதினோரு வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு நேற்றுக் காலைதான் ஒரத்தநாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவன். வயலைப் பார்க்க வந்தால், எல்லைக்கல் அவன் பக்கம் நாலடி தள்ளி நிற்கிறது. அவனுடைய வாய்க்கால் மடை அண்ணன் பங்குக்குள் போய்விட்டது. மடை இல்லாத நிலம் யாருக்கு வேண்டும்? வயிறு எரியாதா?

அப்பன் காலத்துக் கல், அசைந்ததே இல்லை என்று கோவிந்தராசு தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மருதையன் மண்வெட்டியை எறிந்துவிட்டு அரிவாளை எடுத்தான்.

கோவிந்தராசுவின் மகள் கனிமொழி குறுக்கே விழுந்தாள். தஞ்சாவூர்க் காலேஜில் தாவரவியல் முடித்தவள். அப்பா பொய் சொல்வார் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றாது. அந்த நேரத்திலும் படிப்பு கைகொடுக்கும் என்று நம்பினாள், பாவி மகள்.

"சித்தப்பா, வெளிச்சம் படாம பாசி முளைக்காது. கல்லைப் புடுங்கி வேற இடத்துல ஆழமா நட்டிருந்தா, முன்ன வெளிய இருந்த பாசி இப்ப மண்ணுக்குள்ள இருக்கும். தோண்டிக் காட்டுறேன், பாருங்க."

"தோண்டாதம்மா" என்றார் கோவிந்தராசு.

வலியில் உளறுகிறார் என்று நினைத்துத் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் பாசி இருந்தது, பழுத்து, கல்லோடு ஒட்டி. கோவிந்தராசு உடனே பேச்சை மாற்றினார்: அஞ்சு வருடம் முன்பு வெள்ளத்தில் கல் சாய்ந்ததாம், அதே இடத்தில் நட்டாராம். இருக்கலாம். பாசி காய்ந்தும் கிடக்கும், நனைந்தும் பிழைக்கும், வருடக் கணக்கை அதனிடம் கேட்க முடியாது. மருதையனின் அரிவாள் தாழ்ந்தது.

அப்போதுதான் மண்ணுக்குள், பாசிக்குப் பக்கத்தில், அவள் விரலில் அது தட்டுப்பட்டது. வரப்பில் நிற்கும் எலுமிச்சை மரத்தின் புழு கல்லில் ஒட்டிக் கட்டிய கூடு. சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

மருதையன் அவள் விரல்களைப் பிரித்தான். கூடு நெளிந்தது. இந்தப் புழு மண்ணுக்கு மேலேதான் கூடு கட்டும், பத்துப் பன்னிரண்டு நாளில் வண்ணத்துப்பூச்சி வெளியே போய்விடும் என்பது விவசாயி மகனுக்குத் தெரியாதா?

"உசுரோட இருக்குண்ணே" என்றான். "நான் வர்றேன்னு போன் பண்ணி எட்டு நாளாச்சு."

கனிமொழி மறுக்க வாய் திறந்தாள். ஆனால் கண் தன்னால் அப்பாவிடம் போனது. கோவிந்தராசு தலை குனிந்தார். குனிந்த கழுத்தில் அரிவாள் இறங்கியது.

கூட்டை வைத்திருந்த கையாலேயே அவள் அப்பாவின் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்கவே இல்லை.