பால்கட்டு என்று சொன்னவர்

தையல் பிரித்த அன்று டாக்டர் எலிசாள் வடிவாம்பாளின் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்.

"கல்யாணம் கழியட்டும்னு நீங்கதான் தள்ளிப் போட்டீங்களா?"

"எந்தக் கல்யாணம்?"

அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்று டாக்டருக்குப் புரிந்தது. நடந்ததைச் சொன்னார். ஆடி மாதம் இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவு கட்டியோடு அவள் வந்திருந்தபோது, அடுத்த அறையில் அவள் கணவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார்: இது புற்று, உடனே அறுத்து எடுக்கவேண்டும். அழகியநம்பி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். பழவங்காடிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வாய்ச்சொல்லில் சாமர்த்தியம் உள்ளவர்.

"பால்கட்டாம். நம்ம மக ராஜமணி பால் மறந்ததுனால வந்ததாம். பத்துப் போட்டா கரையும்" என்று அவளிடம் சொன்னார்.

திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்ட வருடம் அது. தை மாதம் அவருடைய அக்கா சிவகாமியம்மாள் வீட்டில் மகள் கல்யாணம். அதற்கு அரைத்ததும் இடித்ததும் வடிவாம்பாள்தான். வலிக்கும்போதெல்லாம் பத்துப் போட்டுக்கொண்டு அரைத்தாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்.

"கக்கத்துக்கும் பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துட்டேன்" என்றார் டாக்டர்.

"அப்போ பிழைச்சுக்கிடுவேனா?"

"தெரியாதும்மா. பல வருஷம் வராமலும் இருக்கும். அடுத்த மழைக்கு வரவும் செய்யும்."

"ஆடியிலேயே எடுத்திருந்தா?"

"நம்பிக்கை கூடுதலா இருந்திருக்கும். உங்ககிட்டயே சொல்லியிருக்கணும். புருஷன்கிட்ட சொன்னாப் போதும்னு விட்டுட்டேன்."

வடிவாம்பாள் அழவில்லை. "இனி எங்கிட்ட மட்டும் சொல்லணும். அவ்வோ வந்து கேட்டாலும் வாய் திறக்கப்படாது" என்றாள். டாக்டர் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சண்டை போடவில்லை. மாதாமாதம் போய்க் காட்டவேண்டும் என்று உத்தரவு. முதல் தடவை தனியாகவே போய்வந்தாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அழகியநம்பி கேட்டார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

"பால்கட்டாம்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை அவள் குழம்புக் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"வடிவு, கல்யாணம் நின்னு போயிரக்கூடாதேன்னு... அஞ்சாறு மாசத்துல என்ன ஆயிரும்னு நெனச்சேன்."

"நானும் அப்படியே நெனச்சிருப்பேன். ஆனா நெனைக்க வேண்டியவ நானாக்கும். சாப்பிடுங்கோ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் கேட்டார். ஒவ்வொரு மாதமும் அவள் அதையே சொன்னாள். டாக்டர் நல்ல வார்த்தை சொன்ன நாளில் வேண்டுமென்றே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினாள். மனசு கலங்கிய நாளில் பிச்சிப்பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்தாள். அழகியநம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார், டாக்டர் அசையவில்லை. காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அவர் கடை திறப்பதில்லை. அவள் இருமினால் எழுந்து நின்றார். குளிக்கையில் அவள் விரல்கள் தழும்பைச் சுற்றித் தேடும். தண்ணீர்ச் சத்தம் அடங்கிவிடும். அப்போது கதவுக்கு வெளியே அவர் மூச்சு கேட்கும். அது அவளுக்கு இனித்தது.

சிவகாமியம்மாள் ஒருநாள் வந்தாள். "தம்பி உருகிப் போறான். ஒரு நல்ல வார்த்தை சொல்லப்படாதா?"

"மைனி, உங்களுக்கும் அப்பவே தெரியுமா?"

சிவகாமியம்மாள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"அப்போ இனி இந்த நடையை மிதிக்காதீங்கோ" என்று சொல்லி வடிவாம்பாள் கதவைச் சாத்தினாள்.

நாலாவது வருடம் தழும்பின் ஓரத்தில் உண்மையாகவே ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஈரச்சேலையோடு அப்படியே நின்றாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை. தனியாகப் போனாள். டாக்டர் கட்டியை அறுத்தெடுத்து மதராஸுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

மார்பில் புதிதாகச் சுற்றிய துணிக்கட்டை அழகியநம்பி பார்த்துவிட்டார். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"நான் செத்தா உனக்கு ஆறுமா, வடிவு?"

"ஆறாது. நீங்க இருக்கணும். நான் இருக்கது வரைக்கும் பயந்துக்கிட்டு இருக்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரங்களில் அவள் சோறு இறங்காமல் தவித்தாள். தூங்கும் ராஜமணியின் தலையைத் தடவும்போது, இவளுக்கு யார் பின்னிவிடுவார்கள் என்று நினைத்து விரல்கள் நின்றுவிடும். பயம் முழுவதும் அவளுக்குள்ளேயே கிடந்து முட்டியது.

பதில் வந்தது. "வெறும் தழும்புக்கட்டிதான். ஆனா இனி வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் அழகியநம்பி நின்றிருந்தார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. அவருக்குக் கேட்கத் தைரியமில்லை.

"இது அது இல்லையாம்" என்றாள் வடிவாம்பாள். "இனி வருமோ வராதோ, அது டாக்டரம்மாவுக்கே தெரியாதாம்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு, "என்னை மன்னிச்சுட்டியா?" என்றார்.

"இல்ல. உங்களுக்காகச் சொல்லல்ல. இந்தப் பயத்தை நான் ஒத்தையிலே சுமந்து பாத்தாச்சு. முடியல்ல. இனி உள்ளதைச் சொல்லுவேன். கேட்டுட்டு நீங்களும் சுமக்கணும்."

"சரி" என்றார் அழகியநம்பி.

ராஜமணி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் ஆகியிருந்தது. வடிவாம்பாள் நடையை எட்டிப் போட்டாள். அவர் பின்னால் மூச்சிரைக்க வந்தார். அவள் நிற்கவில்லை.